தடய ஆய்வுக்காக ஊது ஈ வளர்த்தல்

தடய ஆய்வுக்காக ஊது ஈ வளர்த்தல் என்பது, இறந்த உடல்களை முதலில் வந்தடையும் ஊது ஈக்களை ஆய்வுகூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அவற்றின் ஒவ்வொரு வளர்ச்சி நிலையும் எடுத்துக்கொள்ளும் காலத்தை அளந்தறியும் பணியாகும். வெப்பநிலை, ஈரப்பதன், ஒளி ஆகியன இவ்வளர்ப்பில் கட்டுப்படுத்தப்படுகின்றன. இவ்வாறு பெறப்படும் கால அட்டவணைகளைக் கொண்டே, ஓர் உடலில் காணப்படும் புழுக்களின் வயது கணிக்கப்படுகிறது. அவ்வயதிலிருந்து, இறப்பு நிகழ்ந்து குறைந்தது எவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டும் என்பது பெறப்படுகிறது. இப்பணி தடயப் பூச்சியியல் என்னும் துறையின் அடிப்படைகளுள் ஒன்றாகும்.

ஊது ஈக்கள்

ஊது ஈக்கள் இருசிறகிகள் வரிசையில் கலிபோரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. பச்சை, நீலம், செம்பு ஆகிய நிறங்களில் உலோகம் போல் மினுங்கும் இனங்கள் இவற்றுள் பல. ஈ முட்டையிட்ட இறைச்சியை "ஊதப்பட்டது" என்று குறிப்பிட்ட பழைய ஆங்கில வழக்கிலிருந்து இப்பெயர் வந்தது.

இவ்வீக்கள் அழுகும் உடலின் மணத்தைத் தொலைவிலிருந்தே உணரக்கூடியவை. தக்க வெப்பமும் பகல் வெளிச்சமும் இருந்தால், இறப்பு நிகழ்ந்த சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்திற்குள் உடலை வந்தடைகின்றன. கண், மூக்கு, வாய் முதலிய துளைகளிலும் காயங்களிலும் முட்டையிடுகின்றன. முதலில் வந்து இடும் முட்டையே கடிகாரத்தின் தொடக்கம் போல் அமைவதால், மற்ற பூச்சிகளைவிட இவற்றிற்குத் தடய ஆய்வில் முதன்மை கிடைத்தது.

ஆய்வுகூடங்களில் பரவலாக வளர்க்கப்படும் இனங்கள் சில:

- லூசிலியா செரிக்காட்டா: பச்சை நிறமுடையது, உலகின் பல பகுதிகளிலும் காணப்படுவது.
- காலிஃபோரா விசினா: நீல நிறமுடையது, குளிர்ந்த நிலப்பகுதிகளுக்கு உரியது.
- போர்மியா ரெஜினா: கருநீலம் அல்லது கரும்பச்சை நிறமுடையது, வட அமெரிக்காவில் மிகுதி.
- கிரைசோமியா மெகாசெஃபாலா: இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில் மிகுதியாகக் காணப்படுவது. ஆண் ஈயின் பெரிய சிவந்த கண்களால் "பெருந்தலை" எனப் பொருள்படும் இப்பெயர் பெற்றது. மீன் சந்தைகளிலும் கருவாடு உலர்த்தும் இடங்களிலும் தொல்லை தருவதும் இதுவே.
- கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ்: இதன் புழுக்கள் உடலெங்கும் முள் போன்ற புடைப்புகள் உடையவை; பிற ஈக்களின் புழுக்களைத் தின்னக்கூடியவை.

வரலாறு

ஈக்களுக்கும் குற்ற விசாரணைக்கும் உள்ள தொடர்பு சீனாவில் 1247 ஆம் ஆண்டில் சொங் சி என்னும் நீதி அலுவலர் எழுதிய நூலில் முதன்முதலாகக் காணப்படுகிறது. ஊரிலுள்ள அரிவாள்கள் அனைத்தும் தரையில் வைக்கப்பட்டபோது, ஒன்றில் மட்டும் ஈக்கள் மொய்த்ததாகவும், அதன் உரிமையாளர் கொலையை ஒப்புக்கொண்டதாகவும் அந்நூல் கூறுகிறது.

புழுக்கள் அழுகும் இறைச்சியிலிருந்து தாமாகவே தோன்றுகின்றன என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 1668 இல் வெளியிட்ட ஆய்வில், மூடிய குடுவைகளிலும் துணியால் மூடிய குடுவைகளிலும் வைத்த இறைச்சியில் புழு தோன்றவில்லை என்றும், திறந்த குடுவைகளில் மட்டுமே தோன்றின என்றும் காட்டினார். புழுவிலிருந்து ஈ வெளிவரும் வரை அவர் காத்திருந்து கண்டதை, ஈ வளர்ப்பின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

1850 இல் பிரான்சு நாட்டின் ஆர்புவா நகரில், ஒரு வீட்டின் புகைபோக்கி அருகே சுவரைப் பழுதுபார்த்தபோது உலர்ந்த குழந்தையுடல் ஒன்று கிடைத்தது. அதிலிருந்த பூச்சிகளைக் கொண்டு மருத்துவர் பெர்ஜரே இறப்பு 1848 இல் நிகழ்ந்ததாகக் கணித்தார். இதனால் ஐயம் அவ்வீட்டில் முன்பு குடியிருந்தோர் மீது திரும்பியது. ஆனால் ஈயின் முழு வாழ்க்கைச் சுழற்சிக்கும் ஏறக்குறைய ஓராண்டு தேவை என்று அவர் எண்ணியிருந்தார். உண்மையில் கோடைக் காலத்தில் அது சில வாரங்களிலேயே முடிந்துவிடும். வளர்த்துப் பார்த்து அளந்த காலக்கணக்கு இல்லாமல் பூச்சியைக் கொண்டு தீர்ப்புக்கு வருவதன் இடரை இவ்வழக்கு காட்டுகிறது. பின்னர் மெக்னே 1894 இல் வெளியிட்ட நூலில், திறந்த வெளியில் கிடக்கும் உடலைப் பூச்சிகள் எட்டு அலைகளாக வந்தடைவதாக விளக்கினார்.

1935 செப்டம்பர் 29 இல் ஸ்காட்லாந்தின் மொஃபாட் அருகே இரு பெண்களின் சிதைக்கப்பட்ட உடல்கள் கிடைத்தன. கிளாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மேர்ன்ஸ் அவற்றிலிருந்த காலிஃபோரா விசினா புழுக்களின் வயது 12 முதல் 14 நாட்கள் எனக் கணித்தார். இது பெண்கள் காணாமற்போன நாட்களுடன் பொருந்தியது. பக் ரக்ஸ்டன் என்னும் மருத்துவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 1936 இல் தூக்கிலிடப்பட்டார். அப்புழுக்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

1958 இல் கமல் என்னும் ஆய்வாளர் அமெரிக்காவில் ஊது ஈக்கள், சதை ஈக்கள் ஆகியவற்றுள் 13 இனங்களை ஒரே சூழலில் வளர்த்து, ஒவ்வொரு நிலைக்கும் ஆகும் காலத்தை அட்டவணைப்படுத்தினார். பல ஆண்டுகள் தடய வல்லுநர்கள் இதனையே சார்ந்திருந்தனர். 2001 இல் வியன்னாவைச் சேர்ந்த கிராஸ்பெர்கர், ரைட்டர் ஆகியோர் லூசிலியா செரிக்காட்டாவைப் பல வெப்பநிலைகளில் வளர்த்து வரைபடங்கள் வெளியிட்டனர். 2007 இல் ஐரோப்பிய வல்லுநர்கள் தடயப் பூச்சியியலுக்கான நெறிமுறைகளை வெளியிட்டனர்.

வாழ்க்கைச் சுழற்சி

ஊது ஈ முழு உருமாற்றம் அடையும் பூச்சியாகும். அதன் நிலைகள்: முட்டை, மூன்று புழுப் பருவங்கள், உணவை விட்டு அலையும் பருவம், கூட்டுப்புழு, முதிர்ந்த ஈ. புழு இருமுறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடக்கிறது. உடலின் பின்முனையிலுள்ள மூச்சுத்துளைத் தட்டுகளை உருப்பெருக்கியில் நோக்கிப் பருவத்தை அறியலாம். இரண்டாம் பருவத்தில் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு பிளவுகளும், மூன்றாம் பருவத்தில் மூன்று பிளவுகளும் இருக்கும்.

வயிறு நிரம்பிய மூன்றாம் பருவப் புழு உணவை விட்டு விலகி, உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து செல்லும். பின்னர் அதன் வெளித்தோல் சுருங்கி, தடித்து, பழுப்பு நிறக் கூடாக மாறும். வளர்ச்சி முற்றிய ஈ தன் நெற்றியிலுள்ள பை போன்ற உறுப்பை உப்பச் செய்து கூட்டின் முனையைத் தள்ளித் திறந்து வெளியேறுகிறது. வெறுங்கூடு பல காலம் அழியாமல் கிடக்கும். அதுவும் ஒரு தடயமாகும்.

கமலின் அட்டவணைப்படி, 26.7 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் லூசிலியா செரிக்காட்டாவின் நிலைகள் ஏறக்குறைய எடுத்துக்கொள்ளும் காலம்:

- முட்டை: 18 மணி
- முதற் பருவம்: 20 மணி
- இரண்டாம் பருவம்: 12 மணி
- மூன்றாம் பருவம் (உண்ணும் காலம்): 40 மணி
- அலையும் பருவம்: 90 மணி
- கூட்டுப்புழு: 7 நாட்கள்

முட்டையிலிருந்து ஈ வரை மொத்தம் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகின்றன. வெப்பநிலை குறைந்தால் இக்காலம் நீளும்.

வளர்ப்பு முறை

தொடக்கக் கூட்டத்தைப் பெறுதல்

ஈரல் அல்லது அழுகத் தொடங்கிய இறைச்சியை இரையாக வைத்த பொறிகளாலும், வலையாலும் காட்டு ஈக்கள் பிடிக்கப்படுகின்றன. விலங்கு உடல்களிலிருந்து புழுக்களைச் சேகரித்தும் தொடங்கலாம். ஒவ்வோர் ஈயும் எந்த இனம் என்பது முதலில் உறுதி செய்யப்பட வேண்டும். ஐயமுள்ளபோது இழைமணிகளிலுள்ள சிஓஐ எனப்படும் மரபணுவின் வரிசை ஒப்பிடப்படுகிறது. அடையாளச் சான்றாகச் சில ஈக்கள் பாதுகாக்கப்படுகின்றன.

ஒரே பெண் ஈயின் வழித்தோன்றல்களைக் கொண்டு கூட்டம் தொடங்குவது நன்றன்று. குறிப்பாக, கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் இனத்தில் ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆண்களை மட்டுமோ, பெண்களை மட்டுமோ ஈனும். எனவே ஒரு தாயின் குஞ்சுகளை மட்டும் வைத்தால் அடுத்த தலைமுறையே இராது. மற்ற இனங்களிலும் நெருங்கிய உறவுக்குள் கலப்பு தொடர்வதால் கூட்டம் நலிவுறும். ஆகவே காலந்தோறும் புதிய காட்டு ஈக்கள் சேர்க்கப்படுகின்றன.

ஈக்கூண்டு

மரம் அல்லது உலோகச் சட்டத்தில் நுண்வலை பொருத்திய பெட்டிகள் பயன்படுகின்றன. ஒரு பக்கம் 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். முன்பக்கத்தில் சட்டைக்கை போன்ற துணிக்குழாய் தைக்கப்பட்டிருக்கும். அதன் வழியே கையை நுழைத்து, ஈ தப்பாமல் உணவை மாற்றலாம். அறை பெரும்பாலும் 25 பாகை அளவிலும், 50 முதல் 70 விழுக்காடு ஈரப்பதனிலும், 12 மணி அல்லது அதற்கு மேற்பட்ட ஒளியிலும் வைக்கப்படுகிறது.

ஒளிக்காலம் பொருட்படுத்தத் தக்கது. குறுகிய பகற்பொழுதில் வளர்ந்த காலிஃபோரா விசினா தாய் ஈக்களின் புழுக்கள், குளிர்ச் சூழலில் வளர்ச்சியை நிறுத்தி உறங்குநிலைக்குச் சென்றுவிடும். இது தெரியாமல் அளக்கப்படும் காலம் பெரும்பிழை தரும்.

ஈக்களின் உணவு

சர்க்கரையும் நீரும் எப்பொழுதும் வைக்கப்படுகின்றன. ஈக்கள் மூழ்காதிருக்க நீர்க்கிண்ணத்தில் பஞ்சு அல்லது தாள் இடப்படுகிறது. சர்க்கரை உயிர்வாழப் போதும். ஆனால் பெண் ஈயின் முட்டைகள் முதிரப் புரதம் தேவை. ஆகவே பால்மாவு, இரத்தம், ஈரல் ஆகியவற்றுள் ஒன்று சில நாட்கள் கொடுக்கப்படுகிறது. கூட்டிலிருந்து வெளிவந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈக்கள் முட்டையிடத் தொடங்கும்.

முட்டை சேகரித்தல்

ஈரமான ஈரல் துண்டு ஒன்று சிறு கிண்ணத்தில் கூண்டினுள் வைக்கப்படுகிறது. பெண் ஈக்கள் அதன் மடிப்புகளிலும் அடிப்புறத்திலும் கூட்டமாக முட்டையிடும். ஓர் ஈ ஒருமுறையில் ஏறக்குறைய 150 முதல் 250 முட்டைகள் இடும். கூட்டத்தைப் பெருக்குவது மட்டும் நோக்கமெனில் ஈரலை நாள் முழுதும் விடலாம். காலத்தை அளக்கும் ஆய்வில் ஓரிரு மணி நேரத்திலேயே அது வெளியே எடுக்கப்படும். அப்பொழுதுதான் எல்லா முட்டைகளும் ஏறத்தாழ ஒரே வயதுடையனவாக இருக்கும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சில பெண் ஈக்கள், முட்டையிடத் தக்க இடம் கிடைக்காதபோது, கருவுற்ற முட்டை ஒன்றை உடலினுள்ளேயே வைத்திருக்கும். அம்முட்டை வெளிவந்தவுடன் மற்றவற்றிற்கு முன்பே பொரிந்துவிடும். ஆகவே மிகப்பெரிய ஒரே ஒரு புழுவை வைத்து முடிவுக்கு வருவது தவறாகலாம்.

புழு வளர்த்தல்

முட்டைகள் மென்தூரிகையால் புதிய இறைச்சிக்கு மாற்றப்படுகின்றன. மாட்டீரல், பன்றி இறைச்சி, கோழி ஈரல் ஆகியன வழக்கமானவை. உணவு குறைந்தால் புழுக்கள் உரிய அளவை எட்டுமுன்பே அலையத் தொடங்கிக் குள்ளமான ஈக்களாகும். எனவே உணவு தேவைக்கு மிகுதியாகவே வைக்கப்படும். இறைச்சிக் கிண்ணம் மணல் அல்லது மரத்தூள் பரப்பிய பெரிய கலனுள் வைக்கப்படும். அலையும் புழுக்கள் அதில் புதைந்து கூடாகும். கூடுகள் சலித்தெடுக்கப்பட்டுப் புதிய கூண்டில் இடப்படுகின்றன.

புழுக்கள் திரளாக இருக்கும்போது அவற்றின் உடலியக்கத்தால் வெப்பம் உண்டாகிறது. பெருந்திரளின் நடுப்பகுதி சூழலைவிட 10 பாகைக்கும் மேல் சூடாக இருக்கலாம். அறையின் வெப்பநிலை 20 பாகை எனக் குறித்துக்கொண்டு, 30 பாகையில் வளர்ந்த புழுவை அளப்பது ஆய்வைக் கெடுக்கும். ஆகவே சிறு தொகுதிகளாகப் பிரித்து வளர்ப்பதும், அறையில் மட்டுமன்றி இறைச்சியிலும் வெப்பமானி வைப்பதும் முறையாகும்.

அளத்தலும் பாதுகாத்தலும்

குறித்த மணி நேரத்திற்கு ஒருமுறை சில புழுக்கள் எடுக்கப்பட்டு, கொதிநிலைக்கு நெருங்கிய நீரில் சில நொடிகள் இடப்பட்டு, பின்பு 80 விழுக்காடு எத்தனாலில் வைக்கப்படுகின்றன. உயிருள்ள புழுவை நேரடியாக எத்தனாலில் இட்டால் அது சுருங்கிக் கருத்துவிடும். அதன் நீளம் உண்மையினும் குறைவாகத் தெரியும். குறைந்த நீளம் குறைந்த வயதாகக் கணிக்கப்பட்டு, இறந்த நாளே மாறிவிடக்கூடும். ஆகவே ஆய்வுகூடத்திலும் நிகழ்விடத்திலும் ஒரே முறை பின்பற்றப்பட வேண்டும்.

தரவுகளின் பயன்பாடு

பூச்சிகளின் உடல் வெப்பநிலை சூழலைச் சார்ந்தது. ஓர் எல்லைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அவ்வெல்லைக்கு மேலுள்ள பாகைகளை மணிகளால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது திரள் பாகை மணி எனப்படும். இடைப்பட்ட வெப்பநிலைகளில் ஒரு நிலையை முடிக்கத் தேவையான திரள் பாகை மணி ஏறத்தாழ மாறாதது.

எடுத்துக்காட்டாக, ஓர் இனத்தின் கீழெல்லை 10 பாகை எனக் கொள்வோம். 27 பாகையில் ஒரு பருவம் 40 மணி எடுத்தால், 17 × 40 = 680 பாகை மணி ஆகும். சூழல் 20 பாகையாக இருந்தால், எல்லைக்கு மேல் 10 பாகை மட்டுமே உள்ளது. எனவே அதே பருவத்திற்கு 68 மணி தேவைப்படும். 7 பாகை வேறுபாடு ஒரு நாளுக்கும் மேற்பட்ட வேறுபாட்டை உண்டாக்குகிறது.

இது தவிர இருவகை வரைபடங்களும் பயன்படுகின்றன. ஒன்று, வெவ்வேறு வெப்பநிலைகளில் ஒரே நீளத்தை எட்டும் காலத்தை இணைக்கும். மற்றொன்று, ஒரே வளர்ச்சி நிலையை எட்டும் காலத்தை இணைக்கும்.

வழக்குச் சான்றுகளை வளர்த்தல்

உடலிலிருந்து எடுக்கப்படும் புழுக்களுள் ஒரு பகுதி உடனே கொல்லப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. மறுபகுதி உயிருடன் ஆய்வுகூடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு ஈயாகும் வரை வளர்க்கப்படுகிறது. இனங்களின் புழுக்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், முதிர்ந்த ஈயைக் கண்டே இனத்தை உறுதியாகக் கூற இயலும். எடுத்த நேரம், இடம், வெப்பநிலை, கைமாறியோர் ஆகிய விவரங்கள் அனைத்தும் குறிக்கப்பட வேண்டும்.

நச்சுப்பொருள் ஆய்விலும் புழுக்கள் உதவுகின்றன. உடல் மிகவும் சிதைந்து, சோதிக்கத் தக்க இரத்தமோ திசுவோ இல்லாதபோது, அதனை உண்ட புழுவில் மருந்துப் பொருளைத் தேடலாம். 1980 இல் அமெரிக்காவில் இவ்வாறு புழுக்களில் பீனோபார்பிட்டால் கண்டறியப்பட்டது. சில மருந்துகள் புழுக்களின் வளர்ச்சி வேகத்தையே மாற்றுவதால், மருந்து கலந்த இறைச்சியில் புழு வளர்க்கும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன.

வளர்ப்பில் ஏற்படும் இடர்கள்

- நாசோனியா விட்ரிபென்னிஸ் என்னும் சிறு குளவி ஈக்கூடுகளைத் துளைத்து உள்ளே முட்டையிடும். அறைக்குள் புகுந்தால் முழுக் கூட்டத்தையும் அழிக்கக்கூடும்.
- எறும்புகள் முட்டைகளையும் இளம் புழுக்களையும் தூக்கிச் செல்லும். மேசைக் கால்களை நீர்க்கிண்ணங்களில் வைத்து இதனைத் தடுக்கலாம்.
- அழுகும் இறைச்சியிலிருந்து அம்மோனியா வெளிப்படுவதால் நல்ல காற்றோட்டம் தேவை.
- இறைச்சியிலுள்ள நுண்ணுயிரிகளால் நோய் தொற்றாதிருக்கக் கையுறை அணிதல், கைகழுவுதல் ஆகியன கட்டாயமாகும்.
- புழுக்கள் மிகச் சிறிய இடுக்கிலும் புகுந்து தப்பும். பல இனங்களை வளர்க்கும் இடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காக்க வேண்டும்.

வரையறைகள்

ஆய்வுகூட அட்டவணையை எல்லா இடங்களுக்கும் அப்படியே பொருத்த இயலாது. மாறா வெப்பநிலையில் வளரும் புழுவும், பகலும் இரவும் மாறும் வெப்பநிலையில் வளரும் புழுவும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. உணவும் வேறுபாடு தரும். ஈரலில் வளரும் புழுக்கள், நுரையீரல், இதயம் முதலியவற்றில் வளர்பவற்றைவிட மெதுவாக வளர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வட அமெரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பெற்ற லூசிலியா செரிக்காட்டா கூட்டங்களை ஒரே சூழலில் வளர்த்தபோதும் வளர்ச்சிக் காலம் வேறுபட்டது. ஆகவே அந்தந்த நிலப்பகுதியின் ஈக்களை அங்கேயே வளர்த்து அட்டவணை உருவாக்குவது சிறந்தது. ஐரோப்பியக் குளிர்நாட்டு அட்டவணையைக் கொண்டு வெப்பநாட்டு வழக்கொன்றைத் தீர்ப்பது பிழைக்கு வழிவகுக்கும்.

மேலும், புழுவின் வயது இறந்த நேரத்தை நேரடியாகக் கூறுவதில்லை. இரவில் ஈக்கள் முட்டையிடுவது அரிது. மழை, குளிர், மூடிய அறை, உடலைச் சுற்றிய துணி ஆகியனவும் ஈக்களின் வருகையைத் தாமதப்படுத்தும். எனவே பெறப்படுவது இறப்பிற்குப் பிந்தைய குறைந்தபட்சக் காலமே ஆகும்.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குக் கனடா வழக்கொன்று சான்றாகும். 1959 இல் ஒன்டாரியோ மாகாணத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில், 14 வயதான ஸ்டீவன் ட்ரஸ்காட்டிற்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சிறுமி இறந்த நேரமே வழக்கின் மையமாக இருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மீண்டும் ஆராய்ந்தபோது, உடலிலிருந்த புழுக்களைப் பற்றிய பழைய குறிப்புகளும் ஆராயப்பட்டன. அவற்றிற்குப் பொருள் கொள்வதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. 2007 ஆகத்து மாதத்தில், பிற சான்றுகளையும் சீர்தூக்கிய நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சில மணி நேர வேறுபாடு ஒருவரது வாழ்நாளையே தீர்மானிக்கக்கூடும் என்பதால், ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு புழுவின் வயதும் துல்லியமாகக் குறிக்கப்படுவது இன்றியமையாததாகும்.

இவற்றையும் பார்க்க

- தடய அறிவியல்
- பூச்சியியல்
- உருமாற்றம்
- இருசிறகிகள்
- பிரேத பரிசோதனை